பிரேக் மிதி தரையைத் தொடுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சையது ஆல்வி சாலைக்குள் காரோட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முஸ்தஃபாவுக்குப் போகிறவர்களும் அங்கிருந்து பைகளோடு திரும்புகிறவர்களும் காரின் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போவார்கள். பத்தடி போனால் ஒரு நிறுத்தம். சிராங்கூன் சாலையைத் தொடுவதற்குள் ஓட்டுநரின் கால் பிரேக் மிதியில்தான் குடியிருக்கும்.

அப்படிக் காலை வைத்துக் காத்திருக்கும்போது, யாரோ அடியிலிருந்து இழுப்பதுபோல மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால்?

சிங்கப்பூரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஆட்டோ கியர் வண்டிகள். கியர் 'டி'யில் இருக்கும்வரை, பிரேக்கின் பிடி தளர்ந்த அந்தக் கணமே கார் தானாக முன்னால் ஊரத் தொடங்கிவிடும். முன்னால் நிற்பது இன்னொரு காராக இருந்தால் செலவோடு போகும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒரு தாயாக இருந்தால்?

ஒருவர் உடனே காலை எடுத்து மறுபடி மிதிப்பார். மிதி மேலே வந்துவிடும், கார் நிற்கும். "சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் வேலைக்கும் போவார். ஆபத்து தொடங்குவது அங்கேதான். இறங்கும் மிதி ஒரு நோயின் அறிகுறி. இரண்டாவது முறை மிதித்தால் மேலே வருகிறது என்பதும் அதே நோயின் இன்னொரு அறிகுறிதான். குணமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளமல்ல.

உள்ளே என்ன நடக்கிறது?

பிரேக் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையில் கம்பியோ சங்கிலியோ கிடையாது. இருப்பது ஒரு திரவம். நம்மவர்கள் அதை 'பிரேக் ஆயில்' என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. பெரும்பாலான கார்களில் அது கிளைக்கால் வகை திரவம். ஒரு மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொன்னார். அந்த ஒரு விதியை நம்பித்தான் இன்றைக்கு உலகத்தில் கோடிக்கணக்கான கார்கள் நிற்கின்றன. 1917ல் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921ல் டியூசன்பர்க் நிறுவனம் நான்கு சக்கரத்துக்கும் அதைப் பொருத்திய காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

மிதியை அழுத்தும்போது நெம்புகோலாலும், எஞ்சின் அறைக்குள் வட்டமான பெரிய டப்பா போலத் தெரியும் பூஸ்டராலும் காலின் பலம் பல மடங்காகிறது. அந்தப் பலம் 'மாஸ்டர் பம்ப்' என்று பட்டறைகளில் அழைக்கப்படும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிறது. உள்ளே பிஸ்டன், அதன் தலையில் குடை விரித்தாற்போல ரப்பர் வாஷர். வாஷர் திரவத்தைத் தள்ள, திரவம் சக்கரங்களில் இருக்கும் கேலிப்பர்களையோ டிரம் சிலிண்டர்களையோ தள்ள, பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது.

திரவம் சுருங்காது. ஆகவே பேட் டிஸ்க்கைத் தொட்டவுடன் மிதியும் நின்றுவிட வேண்டும். அதற்குமேல் மிதி இறங்குகிறது என்றால், உள்ளே சுருங்கக்கூடிய ஏதோ ஒன்று புகுந்திருக்கிறது, அல்லது திரவம் போகக்கூடாத வழியில் போய்க்கொண்டிருக்கிறது. சக்கரத்தின் பக்கத்தில் இடைவெளி கூடியிருந்தாலும் மிதி ஆழமாகப் போகும். ஏறக்குறைய எல்லாக் கோளாறுகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

"பிரேக் பிடிக்கல" என்றால் போதாது

காக்கி புக்கிட்டுக்கோ சின் மிங்குக்கோ காரைக் கொண்டுபோய் விடும் பலர் மெக்கானிக்கிடம் சொல்வது இரண்டே சொல்: "பிரேக் பிடிக்கல". கேட்டவரும் பேட்டைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றி, பில்லைக் கொடுத்துவிடுவார். மிதி இறங்குவது அப்படியே இருக்கும். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி மருத்துவரிடம் மருந்து கேட்பதைப் போன்றது இது. எப்படி இறங்குகிறது என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது, இரண்டு மூன்று முறை வேகமாக அடித்தால் மேலே எழும்பி ஓரளவு கெட்டியாகிறது என்றால் குழாய்க்குள் காற்று இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். காற்று சுருங்கும். காலின் பலமெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடுகிறது.

மிதி பஞ்சுபோல் இல்லை, கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆழமாகப் போகிறது, இரண்டாவது முறை மிதித்தால் உயரத்தில் பிடிக்கிறது என்றால் அது வேறு கதை. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் பொறி துருப்பிடித்து நின்றுபோயிருக்கும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளியைக் குறைத்தால் முடிந்தது. இதற்குப் போய் மாஸ்டர் பம்பை மாற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு.

முதலில் மிதி சரியான உயரத்தில் பிடிக்கிறது, ஆனால் காலை எடுக்காமல் மிதமாக அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போகிறது என்றால், எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு வெளியே இருக்கலாம். உள்ளேயே, வெளியில் ஒரு சொட்டும் தெரியாமல் நடக்கலாம்.

இந்த மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். ஓங்கி மிதித்தால் கார் நன்றாக நிற்கும். சிவப்பு விளக்கில் லேசாகக் காலை வைத்துக் காத்திருந்தால் மட்டும் மிதி இறங்கும். காரணம் அந்த ரப்பர் வாஷரின் அமைப்பு. அழுத்தம் அதிகமானால் அதன் உதடு விரிந்து சிலிண்டரின் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் குறைவானால், தேய்ந்துபோன உதட்டின் ஓரமாகத் திரவம் நழுவி மறுபக்கம் போய்விடும். அதனால்தான் பட்டறையில் வேகமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து, திடீரென்று பிரேக் போட்டுவிட்டு, "நல்லாத்தானே பிடிக்குது" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். லேசாக மிதித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

வீட்டுக்குக் கீழே, வாகன நிறுத்துமிடத்திலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கார் சமதரையில், 'பி'யில், கைபிரேக் போட்டபடி நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு மிதியை ஐந்தாறு முறை அடிக்க வேண்டும். மிதி கல்போல் ஆகிவிடும். காலை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பினால் மிதி கொஞ்சம் கீழே போய் நிற்கும். இதைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன்பின் மிதமான அழுத்தத்தோடு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் நல்லது. தொடர்ந்து இறங்கினால் அந்தக் காரை அன்று வெளியே எடுக்கக்கூடாது.

சொட்டு எங்கே போகிறது?

அடுத்து பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும். அதில் 'மேக்ஸ்', 'மின்' என்று இரண்டு கோடுகள் இருக்கும். பேட் தேயத் தேய மட்டம் சிறிது சிறிதாகக் குறைவது இயல்பு. ஆனால் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தால் அது கசிவு. டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலும் அதே பொருள்தான். பல கார்களில் கைபிரேக்குக்கும் இதற்கும் ஒரே விளக்கு என்பதால், கைபிரேக்கை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, "சென்சார் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் அந்த விளக்கு மின்னி மறைந்தால், டப்பாவில் திரவம் விளிம்பு மட்டத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மட்டம் குறைந்திருந்தால் நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டயரின் உள்பக்கம் ஈரமாக, வழவழப்பாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் சிலிண்டரிலோ ரப்பர் ஹோஸிலோ கசிவு. எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் மட்டம் குறைகிறது என்றால் கள்வன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். மாஸ்டர் பம்பின் பின்பக்க வாஷர் வழியாகத் திரவம் பூஸ்டருக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். தரையில் ஒரு சொட்டு விழாது. பம்பின் நட்டுகளைத் தளர்த்திச் சற்றே முன்னால் இழுத்துப் பார்த்தால், பின்பக்கம் ஈரம் கையில் ஒட்டும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2010 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிற நாடுகளிலும் சுமார் 15 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. லெக்சஸ், அவலான் போன்ற விலையுயர்ந்த மாடல்களும் அதில் இருந்தன. முக்கியமான காரணம் மாஸ்டர் சிலிண்டரின் ஒரு ரப்பர் வாஷர். பராமரிப்பின்போது சில பாலிமர்கள் இல்லாத வேறு பிரேக் ஆயிலை ஊற்றியிருந்தால், அந்த வாஷர் வறண்டு, ஓரம் சுருண்டு, திரவம் மெல்ல பூஸ்டருக்குள் கசியக்கூடும் என்று கண்டறியப்பட்டது. முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் மிதி பஞ்சாகும். எந்த ஆயிலாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு மார்ச் மாதம் ஹோண்டா நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கான ஒடிசி, எலிமென்ட் வண்டிகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. அவை 2007, 2008ஆம் ஆண்டு மாடல்கள். அங்கே கசிவே இல்லை. ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பும்போதும் வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனையின்போது நுண்ணிய அளவில் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. மாதக்கணக்கில் அது சேர்ந்து சேர்ந்து, மிதி மென்மையாகி, தரைக்கு அருகில்வரை இறங்கத் தொடங்கியது. சிங்கப்பூர்ச் சாலைகளில் அதிகம் தென்பட்ட ஒடிசி ஜப்பானிய வடிவம். பெயர் ஒன்றானாலும் வண்டி வேறு. ஆனால் பாடம் எல்லாருக்கும் பொதுவானது. ஏபிஎஸ் உள்ள வண்டியில், கையால் காற்று எடுத்தும் மிதி கெட்டியாகவில்லை என்றால், காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் சிக்கியிருக்கக்கூடும். கணினிக் கருவியைப் பொருத்தி உள்ளிருக்கும் வால்வுகளைத் திறந்து மூடி எடுத்தால்தான் அது வெளியேறும். இந்த வசதி இல்லாத பட்டறையில் எத்தனை முறை காற்று எடுத்தாலும் பயனில்லை.

நல்ல மெக்கானிக்கை எப்படி அடையாளம் காண்பது?

எதையும் கழற்றுவதற்கு முன் அவர் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்ப்பார். அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை, அதற்கென்றே உள்ள உருண்டை முனைக் கவ்விகளால் மெதுவாக நெரிப்பது. நான்கையும் அடைத்துவிட்டு மிதித்தால், மிதி உயரத்தில் கெட்டியாக நின்றால், மாஸ்டர் பம்பில் குற்றமில்லை. பிறகு ஒவ்வொரு கவ்வியாக எடுத்துக்கொண்டே வந்தால், எதை எடுத்தபோது மிதி இறங்கியதோ அந்தச் சக்கரம்தான் குற்றவாளி. நான்கையும் அடைத்த பிறகும் மிதி இறங்கினால் மாஸ்டர் பம்போ ஏபிஎஸ் பெட்டியோதான் காரணம். பம்பிலிருந்து வெளியேறும் துளைகளை மறை போட்டு அடைத்துப் பார்த்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். அடைத்த பின்னும் இறங்கினால் பம்ப். கல்லாக நின்றால் பம்ப் நல்லது. அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமலேயே "பம்ப் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்கிறவரிடம், எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

மாஸ்டர் பம்ப்தான் குற்றவாளி என்றால், வாஷர் கிட் மட்டும் வாங்கிப் போடுவதா, முழுப் பம்பையும் மாற்றுவதா? தமிழ்நாட்டில் அம்பாசடர் ஓட்டிய காலத்தில் வாஷர் மாற்றுவது சர்வசாதாரணம். இரும்புச் சிலிண்டர், உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கிப் புதிய ரப்பர் போடுவார்கள். சென்னை பாடியில் 1962ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் டிவிஎஸ் கெர்லிங் பாகங்களின் பெயர் அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் நாவில் இன்னும் இருக்கிறது. இன்றைய கார்களின் பம்ப் அலுமினியம். உள்சுவரில் பூசப்பட்ட கடினமான மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால், புதிய வாஷரும் சில மாதங்களில் கிழிந்துவிடும். அதனால் முழுப் பம்பையும், அதுவும் நம்பகமான தயாரிப்பாளருடையதாக மாற்றுவதே சரி. பிரேக்கில் மிச்சம் பிடிக்கிற காசு மிச்சமாகாது.

காற்று எடுப்பது

பம்ப் மாற்றினாலும் ஹோஸ் மாற்றினாலும் கடைசியில் காற்று எடுத்தே ஆகவேண்டும். இரண்டு பேர் வேலை. ஒருவர் மிதிப்பார். இன்னொருவர் சக்கரத்தருகில் உட்கார்ந்து, கேலிப்பரின் நிப்பிளில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய புட்டிக்குள் விட்டிருப்பார். மேலே இருப்பவர் மிதித்துப் பிடித்ததும் கீழே இருப்பவர் நிப்பிளைத் திறப்பார். திரவமும் குமிழிகளும் குழாய் வழியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்துவிட்டால் வந்த காற்று மறுபடி உள்ளே போய்விடும். வழக்கமாகப் பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். வண்டிக்கு வண்டி வரிசை மாறும் என்பதால் அதன் கையேட்டைப் பார்ப்பதே முறை. டப்பாவில் திரவம் வற்றவிடக்கூடாது. வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. "காற்று எடுக்கக் கொடுத்தேன், அதற்கு முன் நன்றாக இருந்த மிதி இப்போதுதான் இறங்குகிறது" என்று சிலர் குறைப்படுவார்கள். மெக்கானிக் மறுப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. பழைய வண்டியில் மாஸ்டர் பம்பின் பிஸ்டன் தினமும் சிலிண்டரின் முற்பகுதியில் மட்டுமே போய்வரும். ஆழத்தில் இருக்கும் பகுதி பத்தாண்டாகத் தொடப்படாமல், அழுக்கும் துருவும் படிந்து கிடக்கும். காற்று எடுக்கும்போது மிதியைத் தரைவரை ஓங்கி மிதித்தால், வாஷர் அந்தச் சொரசொரப்பான இடத்தில் உரசிக் கிழிந்துவிடும். இதைத் தவிர்க்க, விவரம் தெரிந்தவர்கள் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, பாதி தூரத்துக்கு மேல் போகாமல் தடுத்துக்கொண்டு வேலை செய்வார்கள்.

வெளியே எடுத்த திரவம் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் மறுபடி ஊற்றக்கூடாது. கார்ப் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தில் எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் டப்பாவில் ஊற்றிவிடக் கூடாது. தாது எண்ணெய் பட்டதும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருக்கும். அதன்பின் பம்ப், ஹோஸ், கேலிப்பர் என்று ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்றவேண்டி வரும்.

பேட் மாற்றிய கையோடு நடக்கும் விபத்து ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதிய பேட் தடிமனாக இருக்கும். அதை நுழைப்பதற்காகக் கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் மிதி அந்தப் பிஸ்டனை வெளியே கொண்டுவருவதிலேயே செலவாகிவிடும். அதாவது மிதி தரைவரை போகும், கார் நிற்காது. பட்டறையிலிருந்து காரைப் பின்னால் எடுக்கும்போதே எதிரில் நிற்கும் வண்டியில் மோதிய கதைகள் இப்படிப் பிறப்பவை. காரைக் கிளப்புவதற்கு முன் மிதி கெட்டியாகும்வரை நாலைந்து முறை அடித்துவிட்டால் போதும்.

மலையிறங்கும்போது

புக்கிட் தீமா மலையின் உயரம் 163 மீட்டர். சிங்கப்பூரில் அதைவிட உயரமான இடம் கிடையாது. பள்ளி விடுமுறை வந்தால் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைத் தாண்டி கெந்திங், கேமரன் என்று குடும்பத்தோடு போகிறார்கள். கெந்திங் ஏறத்தாழ 1,800 மீட்டர். மலையிறக்கத்துக்குப் பழகாத கால், இறங்கும் வழியெல்லாம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும். டிஸ்க் சூடேறும், கேலிப்பர் சூடேறும், கடைசியில் திரவம் கொதிக்கும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் குமிழி. மிதி திடீரென்று பஞ்சாகி அடியில் போய் நிற்கும். அரைமணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மிதி பழையபடி மேலே வந்துவிடும். அதை நம்பி மறுபடி அதேபோல் இறங்கினால் அதேதான் நடக்கும்.

இங்கே நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமும் கூட்டுச் சதி செய்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸின் வழியாகவும் டப்பாவின் மூடி வழியாகவும் ஆண்டுக்கணக்கில் நீர் சேர்ந்துகொண்டே வரும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, பிறகு 155. பேட்டைப் பார்த்துப் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட, கார் வாங்கிய நாளிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றாமல் இருப்பதுண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் மாற்றலாம். இறங்கும்போது 'எல்' அல்லது '2' போன்ற தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி விடவேண்டும்.

சான்றிதழ் இருக்கிறதே?

சிங்கப்பூரில் 3 முதல் 10 ஆண்டுவரையான கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டு தாண்டியவை ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போகவேண்டும். விகாம் போன்ற மையங்களில் உருளைகள்மீது சக்கரத்தை ஏற்றி பிரேக்கின் பலத்தை அளப்பார்கள். கண்டிப்பான சோதனைதான். ஆனால் அது அந்த ஒரு நாளின் நிலவரம். அடுத்த மாதம் ஒரு வாஷர் கிழியாது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. சிஓஇ விலையைப் பார்த்துவிட்டு, இருக்கிற காருக்கே உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இன்னும் 5 அல்லது 10 ஆண்டு ஓட்ட முடிவு செய்கிறவர்கள், அந்தச் செலவோடு ஹோஸ்களையும் மாஸ்டர் பம்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பத்து ஆண்டு உழைத்த ரப்பருக்குச் சான்றிதழைப் புதுப்பிக்க வழியில்லை.

கார் சொந்தக்காரர் தன் காரை நிறுத்திவைக்கத் தானே முடிவெடுக்கலாம். லாரி ஓட்டுநருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கட்டுமான நிறுவனங்களின் சிறிய லாரிகளில் பல, கார்களைப் போலவே திரவ பிரேக் கொண்டவை. பின்னால் தங்கும் விடுதிக்குத் திரும்பும் ஊழியர்கள் சீட் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுகிறவரும் பல இடங்களில் பகலெல்லாம் வேலை செய்த ஊழியர்தான். "மிதி இறங்குது முதலாளி" என்று அவர் சொன்னால், "இன்னைக்கு ஒருநாள் ஓட்டு, நாளைக்குப் பார்ப்போம்" என்ற பதில் வரக்கூடும். பிரேக் சரியில்லாத வாகனத்தைச் சாலையில் ஓட்டுவது குற்றம். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரும் பதில் சொல்லவேண்டி வரும். ஆகவே வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், வண்டி எண், நேரம், மிதி எப்படி இறங்குகிறது என்பதைக் கைப்பேசியில் செய்தியாக அனுப்பிவிடுவது நல்லது. அந்த ஒரு வரி எழுத்தில் இருந்தால் "நாளைக்கு" என்ற சொல் சட்டென்று "இன்றைக்கே" ஆவதுண்டு. இணங்காவிட்டால் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

ஓடும்போதே மிதி போய்விட்டால்

முதல் வேலை, காலை எடுத்து எடுத்து வேகமாக அடிப்பது. பெரும்பாலும் கொஞ்சமாவது அழுத்தம் எழும்பும். இன்றைய கார்களில் மாஸ்டர் பம்ப் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஒரு பகுதியின் குழாய் வெடித்தாலும் மற்றது இரண்டு சக்கரங்களைப் பிடிக்கும். ஆனால் மிதி மிக ஆழமாகப் போன பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும், கார் நிற்கும் தூரமும் கூடும். மிதியைக் கடைசிவரை அழுத்த வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. மிதிக்கு அடியில் தடித்த பாய் விரித்திருந்தாலோ, தண்ணீர் புட்டி உருண்டு வந்து கிடந்தாலோ அந்தக் கடைசி இரண்டு அங்குலம் கிடைக்காமல் போய்விடும்.

கூடவே அபாய விளக்கைப் போட்டு, கியரைத் தாழ்த்தி, கைபிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் இறுகி வண்டி சுழலும். கைபிரேக் பொத்தானாக மட்டும் இருக்கும் புதிய கார்களில் பெரும்பாலானவற்றில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டியே பக்குவமாக நிறுத்திக்கொள்ளும். பயத்தில் எஞ்சினை அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங்கும் கனத்துவிடும், பூஸ்டரின் உதவியும் போய்விடும்.

நின்ற பிறகு, "மெதுவாக வீட்டுவரை ஓட்டிவிடலாம்" என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். தீவு விரைவுச்சாலையிலோ மத்திய விரைவுச்சாலையிலோ நின்றுபோனால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, குறிப்பிட்ட அருகிலுள்ள வாகன நிறுத்துமிடம்வரை கட்டணமின்றி இழுத்துச் சென்று விடும். அங்கிருந்து பட்டறைக்கு இழுவை வண்டிக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அது வரும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல், தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும்.

பழுது பார்த்துத் திரும்ப வாங்கும்போது சாவியைக் கையில் வாங்கியவுடன் புறப்பட்டுவிட வேண்டாம். பட்டறை வாசலிலேயே எஞ்சினைக் கிளப்பி, மிதமாக மிதித்துக்கொண்டு ஒரு நிமிடம். பிறகு டப்பாவின் மட்டம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வாஷரின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். வாகன நிறுத்துமிடத்துக்குள் நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பார்த்துவிட்டுச் சாலைக்கு வரலாம். ஒரு வாரம் கழித்து, ஒருநாள் காலையில் பானட்டைத் திறந்து அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் எங்கே இருக்கிறது என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.